பரீட்சை முடியட்டும் என்று காத்திருக்கும் பெரியவர்களுக்கு

வாலாஜாபாத்திலும், முத்தியால்பேட்டை, ஐயம்பேட்டை, பழையசீவரம், அவளூர் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலும், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று தெரிந்தும் அதைப் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லாமல் வைத்திருக்கும் பெற்றோருக்கும், பெரியப்பா சித்தப்பாக்களுக்கும், மாமா அத்தைகளுக்கும் வணக்கம்.

நான் இந்தப் பக்கத்தில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறவள். உங்களில் பலரைப் பெற்றோர் கூட்டத்தில் பார்த்திருக்கிறேன். சிலர் என்னிடமே படித்தவர்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று, மார்ச்சில் பொதுத்தேர்வு. இந்த இடைப்பட்ட நாட்களில் ஸ்டாஃப் ரூம் வாசலுக்கு யாராவது ஒருவர் வந்து நிற்பார். "மிஸ், வீட்ல இப்படி ஒரு நிலைமை. புள்ளைக்கு இன்னும் சொல்லல. நீங்களும் காட்டிக்காதீங்க. பரீட்சை முடியட்டும்." தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அநேகமாக ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. வருகிறவர் முகம்தான் மாறுகிறது.

அவர்களுக்கு நான் சொல்லும் பதிலைத்தான் இங்கே எல்லாருக்குமாகச் சொல்கிறேன். பிள்ளைக்குத் தெரியும். எவ்வளவு தெரியும் என்பதுதான் உங்களுக்குத் தெரியாது.

நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். முன்கட்டில் குழித்தறி, அதை ஒட்டி ஒரு கூடம், பின்னால் அடுப்படி. தறி இல்லாத வீடுகளும் இதைவிடப் பெரியவை அல்ல. இதில் எங்கே ரகசியம் பேசுவீர்கள்? தெருக்கோடி வரை நடந்துபோய் போன் பேசிவிட்டு வருகிறீர்கள். அதுவரை போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தவர் திடீரென்று தெருக்கோடிக்கு நடந்தால், பதினாறு வயதுக்கு அது போதாதா? தாத்தாவுக்குத் தார் சுற்றிக் கொடுத்தே வளர்ந்த பிள்ளைக்குத் தறிச் சத்தம் நின்றுபோனதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. பீரோ மேல் பெரிய எக்ஸ்ரே கவர் ஏறுகிறது. ஓரகடம் கம்பெனிக்கு ஷிப்ட் போகிற அப்பா வாரத்தில் இரண்டு நாள் லீவு போடுகிறார். வழக்கமாக ஊரிலிருந்து வராத அத்தை வந்து பத்து நாள் தங்குகிறார்.

போன வருடத்து மாணவி ஒருத்தியைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பிளஸ் டூ. அம்மா அப்பா இருவரும் வேலைக்குப் போவதால் அவளை வளர்த்தது பாட்டிதான், அவளுக்கு ஆயா. ஆயாவுக்கு வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே உண்டு. வாயில் ஆறாத புண் வந்தது. 'வாய்ப்புண், மருந்து போட்டா ஆறிடும்' என்று பெண்ணிடம் சொல்லியிருந்தார்கள். ஒருநாள் வேதியியல் நோட்டைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். கரிம வேதியியல் சமன்பாடுகளுக்குக் கீழே, பென்சிலில், ஆங்கில எழுத்தில் ஆறேழு சொற்களை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். ரிப்போர்ட்டைப் பார்த்து அப்படியே எழுதிக்கொண்டு வந்தவை. 'மெட்ஸ்' என்ற சொல்லுக்கு எதிரே கேள்விக்குறி. 'லங்' என்பதற்கு எதிரே தமிழில் 'நுரையீரல்' என்று எழுதி, அதன் அடியில் கோடு போட்டிருந்தாள். வகுப்பு முடிந்ததும் மேஜைக்கு வந்து, "மிஸ், மெட்ஸ்னா கூகுள்ல கால்ல போடற சாக்ஸ் மாதிரி ஒண்ணு வருது, விளையாட்டு டீம் ஒண்ணு வருது. ரிப்போர்ட்ல போட்டா என்ன அர்த்தம்?" என்றாள்.

அந்தக் கேள்வியை அவள் கேட்டிருக்க வேண்டிய இடம் வீடு. வீட்டில் கேட்டால் அம்மா அழுவாள் என்பதால் என்னிடம் வந்தாள். புற்று முதலில் வந்த இடத்தை விட்டு உடம்பின் வேறு பகுதிக்குப் பரவுவதைத்தான் அந்தச் சுருக்கெழுத்து குறிக்கிறது என்று சொன்னேன். அவள் அழவில்லை. "அப்படித்தான் நினைச்சேன்" என்றாள். பிறகு, "நான் கேட்டதை அம்மாகிட்ட சொல்லாதீங்க மிஸ்" என்றாள். அதே வாரம் அவள் அம்மாவும் வந்து, "அவளுக்குத் தெரியாது மிஸ், நீங்க சொல்லிடாதீங்க" என்று கேட்டுக்கொண்டார். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவரிடமிருந்து ஒருவரைக் காப்பாற்ற, ஒரே சேதியை மறைத்துக்கொண்டிருந்தார்கள். இதில் ஆயாவுக்கும் தெரியாது என்று மூன்றாவது கதை வேறு. ஆயாவோ பக்கத்து வீட்டம்மாவிடம் தன் மூக்குத்தி யாருக்கு, புடவைகள் யாருக்கு என்றெல்லாம் பேசி முடித்திருந்தார்.

நீங்கள் ஏன் மறைக்கிறீர்கள் என்பது எனக்குப் புரிகிறது. அது பாசம்தான். படிப்பு கெட்டுவிடுமே என்ற பயம், பிஞ்சு மனசு தாங்காதே என்ற எண்ணம். வாய்விட்டுச் சொன்னால் பலித்துவிடுமோ என்கிற நடுக்கமும் அடியில் இருக்கிறது. 'கேன்சர்' என்ற சொல்லையே நம் பெரியவர்கள் சொல்வதில்லை. 'கட்டி', 'அந்த வியாதி' என்பார்கள். இல்லையென்றால் 'காரப்பேட்டைக்குப் போயிட்டு வராங்க' என்பார்கள், அவ்வளவுதான், மற்றது எல்லாருக்கும் புரிந்துவிடும்.

இதில் எனக்கு ஒரு விஷயம் எப்போதும் உறுத்தும். காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனை யார் பெயரில் இருக்கிறது? நம் காஞ்சிபுரத்தில் 1909-ல் பிறந்த அண்ணாவின் பெயரில். 1968 செப்டம்பரில் அவர் நியூயார்க்குக்கு அறுவைச் சிகிச்சைக்குப் போனார், நவம்பரில் திரும்பினார், 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அடையாறு புற்றுநோய் மருத்துவமனையில் காலமானார். அந்த மாதங்களில் தமிழ்நாடு முழுக்க ரேடியோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என்று என் அப்பா சொல்வார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முதலமைச்சரின் உடல்நிலையைப் பேசிக்கொண்டு நடந்தார்களாம். ஊருக்கே தலைவரின் நோய் தெரியலாம், பிள்ளைகளும் சேர்ந்து அழலாம். அவர் பெயரைத் தாங்கிய மருத்துவமனைக்கு நம் ஆயாவை அழைத்துக்கொண்டு பஸ் ஏறும்போது மட்டும் பிள்ளையிடம் "காஞ்சிபுரத்துல ஒரு கல்யாணம், சாயந்திரம் வந்துடுவோம்" என்கிறோம். எந்தக் கல்யாணத்துக்கு ஸ்கேன் கவரோடு போவார்கள்?

பிஞ்சு மனசு தாங்காது என்பதைப் பற்றி ஆராய்ச்சியே நடந்திருக்கிறது. சுவீடனில் 13 முதல் 16 வயதுக்குள் அப்பாவையோ அம்மாவையோ புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர்கள் 600-க்கும் மேற்பட்டோரை, அவர்கள் வளர்ந்து பெரியவர்களான பிறகு கேட்டிருக்கிறார்கள். சாவு நெருங்கிவிட்டது என்பதை அந்த வயதுப் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டுமா, வேண்டாமா? 98 விழுக்காட்டினர் சொல்லத்தான் வேண்டும் என்றார்கள். சுவீடன் வேறு, நம் ஊர் வேறு என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதில் சொன்னவர்கள் டாக்டர்களோ நிபுணர்களோ அல்ல, அந்த நிலையில் பிள்ளையாக இருந்தவர்கள். நம் ஊரில் அந்தக் கேள்வியை யாரும் பிள்ளைகளிடம் கேட்டதே இல்லை என்பதுதான் வித்தியாசம். பக்கத்து நாடான நார்வேயில் 2010 முதல் இது சட்டமாகவே இருக்கிறது. கடுமையான நோயோடு ஒருவர் மருத்துவமனைக்கு வந்தால், அவருக்கு வயது நிரம்பாத பிள்ளைகள் உண்டா, அவர்களுக்கு விஷயம் தெரியுமா, உதவி வேண்டுமா என்று பார்ப்பது மருத்துவப் பணியாளர்களின் கடமை. இங்கே ஓ.பி. சீட்டில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. ஆகவே அந்த வேலை உங்கள் தலையில் விழுகிறது.

சரி, எப்படிச் சொல்வது?

யார் சொன்னால் பிள்ளை அதிகம் நம்புமோ அவர் சொல்லட்டும். பெரும்பாலும் அம்மா, சில வீடுகளில் சித்தி, சில வீடுகளில் தாய்மாமன். கூட்டம் கூட்டிச் சொல்லாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் துணி மடித்துக்கொண்டே சொல்லலாம், வண்டியில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போகும்போது சொல்லலாம். முகத்துக்கு முகம் பார்க்காத நேரத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் கொஞ்சம் தாராளமாகப் பேசுவார்கள். முதலில் நீங்கள் சொல்ல ஆரம்பிக்காதீர்கள், கேளுங்கள். "ஆயாவுக்கு உடம்புக்கு என்னன்னு நீ நினைக்கிற?" அங்கிருந்து பேச்சு தானாக நகரும். நோயின் பெயரைச் சொல்லுங்கள். "கேன்சர். வேற இடத்துக்கும் பரவிடுச்சு. முழுசா குணமாகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வலி இல்லாம வெச்சுக்கறதுக்கு மருந்து இருக்கு. எவ்ளோ நாள்னு அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. புதுசா ஏதாவது தெரிஞ்சா உன்கிட்ட முதல்ல சொல்லுவோம்." இவ்வளவுதான். இதில் கடைசி வாக்கியத்தைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம், ஆனால் அதைக் காப்பாற்றினால்தான் முன்னால் சொன்னதற்கும் மதிப்பு.

சொன்னதும் பிள்ளை அழும் என்று எதிர்பார்க்காதீர்கள். "சரி" என்று சொல்லிவிட்டு கிரிக்கெட் மட்டையை எடுத்துக்கொண்டு பாலாற்று மணலுக்குப் போய்விடுவான். கல் மனசு என்று அத்தைமார் பேசுவார்கள். அப்படி இல்லை. ஒரு மணி நேரம் ஓடிக் களைத்த பிறகுதான் சிலருக்கு அழுகை வரும். சிலருக்குக் கோபமாக வரும், தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போவார்கள். சிலர் மூன்று வாரம் கழித்து, சம்பந்தமே இல்லாமல், மார்க் குறைந்ததற்காக அழுவதுபோல் அழுவார்கள். இத்தனையும் துக்கத்தின் சாயல்கள்தான். நண்பனோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தான் என்பதற்காக யாரையும் திட்டாதீர்கள்.

பிள்ளைகள் வாய்விட்டுக் கேட்காத சில கேள்விகள் உண்டு. அவற்றை நீங்களாகவே எடுத்துப் பேசுங்கள். முதலாவது, "என்னால வந்ததா?" இந்த வயதில் இது வருமா என்று தோன்றும். வரும். "ஆயாவுக்குப் புகையிலை வாங்கிட்டு வந்து குடுத்ததே நான்தான் மிஸ்" என்று அந்தப் பெண் என்னிடம் சொன்னாள். ஏழு வயதிலிருந்து கடைக்குப் போய்வந்தவள் அவள். அனுப்பியவர்கள் நாம். அதை அவளிடம் யாராவது சொல்ல வேண்டாமா? கைக்கு எட்டும் இடமெல்லாம் மாவாவும் ஹான்ஸும் கிடைத்துக்கொண்டிருந்த ஊரில், குட்கா, பான்மசாலாவுக்கு 2013-ல் தமிழ்நாட்டில் தடை வந்த பிறகும் மறைவில் விற்கிற ஊரில், ஒரு குழந்தையின் கணக்கில் அந்தப் பாவத்தை எழுதிவைப்பது அநியாயம்.

இரண்டாவது, "ஒட்டிக்குமா?" ஒட்டாது. தட்டும் டம்ளரும் தனியாக வைக்கிற வீடுகள் இப்போதும் இருக்கின்றன. மருத்துவமனையில் கிருமித் தொற்று வராமல் நோயாளியைப் பார்த்துக்கொள்ளச் சொல்வார்கள். அது நோயாளியின் பாதுகாப்புக்காக, நம் பாதுகாப்புக்காக அல்ல. இதைப் புரியவைக்காமல் தட்டைத் தனியாக வைத்தால், கட்டிலில் உட்காரலாமா என்று பிள்ளை தயங்கி நிற்கும். பரம்பரையாக வருமா என்பது இதன் பக்கத்துக் கேள்வி. பெண்பிள்ளை இருக்கும் வீட்டில் வரன் பேச்சு கெடும் என்றே பலர் நோயை மறைக்கிறார்கள். புற்றுநோய்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பிறப்பிலேயே வரும் மரபணுக் கோளாறால் உண்டாகின்றன. உங்கள் வீட்டு நோய் அந்த வகையா என்பதை டாக்டரிடமே கேட்டுக்கொள்ளலாம். புகையிலையால் வந்த வாய்ப்புற்றுக்குச் சம்பந்தி வீட்டாரிடம் கூச வேண்டியதில்லை.

மூன்றாவது கேள்வி பணம். "நான் படிக்க முடியுமா?" நெசவாளர் வீட்டில் ஒருவர் படுத்தால் வருமானம் பாதியாக அல்ல, முழுசாகவே நிற்கும். கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் இல்லையென்றால் இன்னொருவர் சும்மா உட்கார வேண்டியதுதான். அந்தக் காலி இடத்தில் யாரை உட்கார வைப்பது என்று வீடு யோசிக்கும்போது, பத்தாவது படிக்கும் பையன் கண்ணில் படுவான். பெண்ணாக இருந்தால் புண்ணுக்குக் கட்டு மாற்றவும், படுக்கையை அலசவும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பெரிய மருமகளுக்கு வேலை இருக்கும், அண்ணனுக்கு ஷிப்ட் இருக்கும், இவளுக்குப் பள்ளிக்கூடம்தானே என்று. என் மாணவி நாற்றம் பொறுக்காமல் ஸ்கார்ஃபால் மூக்கைக் கட்டிக்கொண்டு கட்டு மாற்றினாள். ஆயா அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அன்று முழுக்க அவள் எதுவும் சாப்பிடவில்லை.

பிள்ளைகளை நோயாளியின் பக்கத்திலேயே விடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்களே விரும்பி எடுத்துக்கொள்கிற ஒரு வேலையைக் கொடுங்கள். தலை வாரிவிடுவது, மாத்திரை நேரத்தை போனில் அலாரம் வைத்து நினைவூட்டுவது, செய்தித்தாள் படித்துக் காட்டுவது. புண்ணைக் கழுவும் வேலை பெரியவர்களுடையது. அதற்கு ஆள் இல்லையென்றால் கேட்டுப் பெற வழி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைச் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொண்டு வந்து கொடுக்கும் திட்டம் என்றுதான் பலர் நினைத்திருக்கிறார்கள். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பார்க்கும் நோய் ஆதரவு சிகிச்சையும் அதில் உண்டு. செவிலியர் வருவார், கட்டு மாற்றுவார், எப்படி மாற்றுவது என்று சொல்லிக் கொடுப்பார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள், அல்லது 104-க்குப் பேசிக் கேளுங்கள். சிகிச்சைச் செலவுக்கு முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு வட்டிக்கு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற மூலிகை வைத்தியருக்காகத் தறியை அடகு வைத்த வீட்டை எனக்குத் தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

வலியைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளின் நினைவில் நோயின் பெயரைவிட நோயாளி முனகிய சத்தம்தான் அதிக நாள் தங்குகிறது. சின்ன வீட்டில் அந்தச் சத்தத்துக்குக் கதவு கிடையாது. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை விழித்துக்கொண்டு, தூங்குவதுபோல் படுத்திருக்கும். பெரியவர்கள், "அந்த மாத்திரை போதை, பழக்கமாயிடும்" என்று மார்ஃபினைப் பாதியாக உடைத்துக் கொடுப்பார்கள், அல்லது ரொம்ப வலித்தால் மட்டும் கொடுப்பார்கள். டாக்டர் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில், வலி வருவதற்கு முன்பே கொடுக்க வேண்டிய மருந்து அது. மலச்சிக்கல் வரும், அதற்கும் சேர்த்தே மருந்து கேளுங்கள். முற்றிய புற்றுநோயின் வலிக்குச் சரியான மேற்பார்வையில் மார்ஃபின் எடுப்பவர் போதைக்கு அடிமையாகிவிடுவார் என்று பயப்பட வேண்டியதில்லை. தேவைப்படுவோருக்கு அது எளிதாகக் கிடைக்க வேண்டும் என்றுதான் போதைப்பொருள் சட்டத்தையே 2014-ல் திருத்தினார்கள். 'நோய் ஆதரவு சிகிச்சை' என்றாலே கைவிட்டுவிட்டார்கள் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வதும் தப்பு. நுரையீரல் புற்று முற்றியவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே இந்தச் சிகிச்சையையும் சேர்த்துக் கொடுத்து அமெரிக்காவின் பாஸ்டனில் நடத்திய ஆய்வு 2010-ல் வெளியானது. அவர்கள் நிம்மதியாக இருந்ததோடு, மற்றவர்களைவிடச் சில மாதங்கள் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

இரவைப் பற்றி எழுதும்போது திருமுக்கூடல் நினைவுக்கு வருகிறது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் சேரும் இடம், நமக்குப் பக்கத்து ஊர். பெருமாள் கோயில் சுவரில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முன் அங்கே பள்ளி நடந்தது, மாணவர் தங்கும் விடுதி இருந்தது, அதோடு 15 கட்டில்கள் போட்ட ஓர் ஆதுலர் சாலையும் இருந்தது. படிக்கிற பிள்ளைகளுக்கும் கோயில் பணியாளர்களுக்குமான மருத்துவமனை. வைத்தியர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டு வருவோர், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர், தண்ணீர் கொண்டு வருபவர் என்று ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நெல் என்று வெட்டி வைத்திருக்கிறார்கள். இரவு முழுக்க ஒரு விளக்கு எரிவதற்கான எண்ணெய்க்கும் அதில் கணக்கு உண்டு. நோயாளி இருக்கும் இடத்தில் இரவில் யாராவது விழித்திருக்க வேண்டும் என்பதையும், அதற்குப் பொறுப்பும் படியும் ஒதுக்க வேண்டும் என்பதையும் அந்தக் காலத்தவர் யோசித்திருக்கிறார்கள். நம் வீடுகளில் இரவுப் பொறுப்பை யாரும் ஒதுக்குவதில்லை. தூக்கம் வராத பிள்ளையின் மேல் அது தானாகப் போய் விழுகிறது. அதனால் முறை போடுங்கள். திங்கள் சித்தப்பா, செவ்வாய் அம்மா என்று. பிள்ளையைப் பக்கத்து வீட்டிலாவது தூங்க வையுங்கள், ஆனால் "ராத்திரி ஏதாவது ஆனா எழுப்புவோம்" என்று சொல்லி அனுப்புங்கள். சொன்னபடி எழுப்பவும் வேண்டும்.

சாப்பாட்டையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வாரங்களில் உடம்பு சோறு கேட்காது. "நாலு வாய் சாப்பிட்டாத்தான் தெம்பு வரும்" என்று வாயைத் திறக்க வைக்கப் போராடுவதை நிறுத்துங்கள். ஊட்டும் பொறுப்பைப் பேரப்பிள்ளையிடம் கொடுத்தீர்கள் என்றால், ஆயா சாப்பிடாமல் போனது தன் தோல்வி என்று அது நினைத்துக்கொள்ளும். உதட்டை ஈரப்படுத்தினால் போதும் என்று நர்ஸ் சொல்வார். அதைப் பிள்ளையிடமும் சொல்லுங்கள்.

சாவை அருகிலிருந்து பார்த்தால் பிள்ளை உடைந்துபோகும் என்பவர்களுக்கு ஒரு பழைய சேதி. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரத்திலிருந்துதான் 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை வந்தது. எல்லாப் பிள்ளையும் முத்துலட்சுமி ஆகும் என்று நான் சொல்ல வரவில்லை, ஆகவும் வேண்டாம். கேரளத்தில் 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கத்தில் இன்று பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் தொண்டர்களாக வீடு வீடாகப் போய் முன்பின் தெரியாத நோயாளிகளோடு உட்கார்ந்து பேசிவிட்டு வருகிறார்கள். அங்கே பிள்ளைகள் அடுத்த வீட்டு ஆயாவைப் பார்க்கப் போகிறார்கள். இங்கே சொந்த ஆயாவின் நோயைச் சொல்லவே நாம் தயங்குகிறோம்.

இப்போது பரீட்சைக்கு வருகிறேன், அதுதானே உங்கள் கவலை. விஷயம் தெரியாமல், ஆனால் ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரிந்து, தினம் ஒரு சந்தேகத்தோடு புத்தகத்தைத் திறக்கும் பிள்ளை நன்றாகப் படிக்கும் என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். சொல்லிவிட்டால் இரண்டு வாரம் மந்தமாக இருக்கும், பிறகு பெரும்பாலோர் திரும்பி வருகிறார்கள். வகுப்பாசிரியரிடம் சொல்லிவையுங்கள். நாங்கள் ரெக்கார்ட் நோட்டுக்கு நாள் தள்ளிக் கொடுப்போம், செய்முறைத் தேர்வுக்கு முன்னால் தனியாக உட்கார வைத்துச் சொல்லித் தருவோம். (எங்களிலும் சிலர், "வீட்டுல என்ன இருந்தாலும் படிப்புதான் முக்கியம்" என்று வகுப்பு நடுவில் சொல்லி வைப்பவர்கள் உண்டு. அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.) மார்ச்சில் எழுத முடியாமல் போனால் துணைத்தேர்வு இருக்கிறது, ஒரு வருடம் வீணாகாமல் கல்லூரியில் சேரலாம். பிள்ளைக்கு மனசுக்கு முடியவில்லை என்றால் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கிறது.

மறைப்பவர்கள் யோசிக்காத ஒன்று, காலத்தைப் பிள்ளையிடமிருந்து எடுத்துக்கொள்கிறோம் என்பது. மாட்டுப்பொங்கல் அன்று காஞ்சி வரதர் நம் ஊர் வழியாகப் பழையசீவரத்துக்குப் பார்வேட்டைக்குப் போவார். நடக்க முடியாதவர்களை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைப்போம். ஆயாவுக்கு அடுத்த வருடம் அந்த நாற்காலி தேவைப்படாது என்று தெரிந்த பிள்ளை, அன்று எங்கே நிற்க வேண்டும் என்று தானே முடிவு செய்யும். சினேகிதிகளோடு கடைத்தெருவுக்குப் போவதா, வாசலில் நாற்காலிக்குப் பக்கத்தில் நிற்பதா என்று. தெரியாத பிள்ளை கடைத்தெருவுக்குப் போய்விட்டு, பிற்பாடு ஆயுசுக்கும் அதை நினைத்துக்கொண்டிருக்கும்.

என் மாணவியின் வீட்டில் கடைசியில் சொன்னார்கள். நான்தான் அம்மாவையும் பெண்ணையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தேன். பொங்கலுக்குப் பிறகு ஒரு மாதம் ஆயா இருந்தார். அந்த மாதத்தில் அவள் ஆயாவிடம் வத்தக்குழம்பின் பக்குவம் கேட்டு போனில் பதிவு செய்துகொண்டாள், வாய்ப்புண்ணால் பேச்சு தெளிவாக இல்லாவிட்டாலும். சண்டையும் போட்டாள், டிவி சத்தத்துக்காக. பரீட்சைக்கு மூன்று வாரம் முன்னால் காரியம் நடந்தது. எல்லாப் பாடமும் எழுதினாள். எதிர்பார்த்ததைவிட மதிப்பெண் குறைவுதான். இப்போது காஞ்சிபுரத்தில் கல்லூரியில் படிக்கிறாள்.

இந்த மடலைப் படிக்கும் உங்கள் வீட்டில் இப்போது அந்த நிலைமை இருந்தால், பொங்கல் விடுமுறைக்குள் சொல்லிவிடுங்கள். எப்படி ஆரம்பிப்பது என்று வாய் வரவில்லையென்றால், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு பள்ளிக்கு வாருங்கள். மாலை நாலரை மணிக்கு மேல் நாங்கள் சிலர் சிறப்பு வகுப்புக்காக இருப்போம். தனியாக உட்கார்ந்து பேச ஓர் அறை ஏற்பாடு செய்து தருகிறோம்.

அன்புடன்,
ஒரு மேல்நிலை வகுப்பு ஆசிரியை,
வாலாஜாபாத்.